நூற்றொன்றும் மேக்ரோவும்

தைப்பூசத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மொரிஷியஸில் உள்ள எங்கள் ஊர்க் கோவிலின் பொருளாளர் இரண்டு ரசீதுகளை என் முன்னால் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். ஒன்று காலையில் 501 ரூபாய் கொடுத்த ஒரு குடும்பத்துடையது. மற்றது பிற்பகலில் 1001 ரூபாய் கொடுத்த வேறொருவருடையது. இரண்டிலும் ரசீது எண் ஒன்றே. “தம்பி, இது கோவில் காசு. ஒரே நம்பர் இரண்டு பேர் கையில் இருக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. காவடி எடுப்பவர்கள் பத்து நாள் விரதம் இருக்கும் அந்த நாட்களில், நன்கொடை வாங்கும் இடத்தில் வரிசை குறைவதே இல்லை. அந்த வரிசைக்காகத்தான் ரசீது அச்சிடும் சிறு கருவியொன்றை நான் செய்து கொடுத்திருந்தேன். நிரல் முழுவதும் சி மொழியில் நான் எழுதியது.

தவறு எங்கே என்று கண்டுபிடிக்க அன்று இரவு முழுவதும் ஆயிற்று. கருவி ஒவ்வொரு ரசீதுக்கும் எண்ணை ஒன்று கூட்டி, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் அதை எழுதி வைக்க வேண்டும். எழுதியது வெற்றியா என்று சரிபார்ப்பது நல்ல பழக்கம் என்பதால், எழுதும் செயற்கூற்றை (ஃபங்ஷனை) அழைக்கும் வரியையே ‘அசர்ட்’ என்ற மேக்ரோவின் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தேன். மேக்ரோ என்பது, நிரலை இயந்திர மொழியாக்கும் (கம்பைல் செய்யும்) முன்பே வேறு நிரல் வரிகளாக விரியும் ஒரு பெயர்; அசர்ட், தனக்குக் கொடுத்தது பொய்யானால் நிரலை நிறுத்தும். வீட்டில் சோதித்தபோது எல்லாம் சரியாக நடந்தது. கோவிலுக்குக் கொடுத்த பதிப்பில், வழக்கம்போல, சோதனை வரிகளை நீக்கும் ‘என்டீபக்’ என்ற குறியை வைத்துக் கம்பைல் செய்திருந்தேன். அந்தக் குறி இருந்தால் அசர்ட் என்ற மேக்ரோ வெறுமையாக விரியும். அதனுள்ளே இருந்த எழுதும் அழைப்பும் அதோடு மறைந்துபோயிற்று. காலை முழுவதும் எண் தற்காலிக நினைவில் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தது. நண்பகலில் மின்சாரம் நின்று திரும்பி வந்ததும், கருவி பழைய எண்ணிலிருந்து மறுபடி தொடங்கிவிட்டது.

சி மொழியில் பல்லாண்டு வேலை செய்தவர்கள் அனைவரும் இந்தப் பொறியை அறிவார்கள். நானும் படித்திருந்தேன், ஆனாலும் விழுந்தேன். காரணம், அசர்ட் என்பது எழுத்தில் ஒரு செயற்கூற்றைப் போலவே தோன்றுகிறது. செயற்கூற்றை அழைத்தால் அதற்குக் கொடுக்கும் உறுப்பு (அடைப்புக்குறிக்குள் எழுதுவது) ஒருமுறை, ஒரே முறை, கணிக்கப்படும் என்று கை பழகியிருக்கிறது. மேக்ரோவுக்கு அந்த வாக்குறுதி கிடையாது. அது உறுப்பை இருமுறை கணிக்கலாம், கணிக்காமலே விடலாம். இரண்டில் பெரியதைத் தேர்ந்தெடுக்கும் எளிய மேக்ரோகூட, ஒப்பிடும்போது ஒருமுறையும் விடையாகத் தரும்போது மறுமுறையுமாக ஒரே உறுப்பைக் கணிக்கிறது. ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கும் மேக்ரோவை அடைப்புக்குறி இல்லாமல் எழுதி, அதற்கு ‘அ கூட்டல் 1’ என்பதைக் கொடுத்தால், கூட்டலும் பெருக்கலும் தம் முன்னுரிமைப்படி கலந்து வேறொரு விடை வருகிறது.

மேக்ரோக்களை விரிப்பது, கம்பைலுக்கு முன் ஓடும் முன்செயலி. அது சி மொழிக்குப் பின்னால் வந்து சேர்ந்த பகுதி. 1972–73 வாக்கில், ஆலன் ஸ்னைடரின் தூண்டுதலால், வேறு கோப்புகளைச் சேர்ப்பதற்கும் எளிய சொல்மாற்றத்துக்கும் மட்டுமாக அது தொடங்கியது. உறுப்புகள் ஏற்கும் மேக்ரோக்களையும் நிபந்தனைப்படி விடுவதையும் மைக் லெஸ்க்கும் ஜான் ரைசரும் பிறகு சேர்த்தார்கள். மொழியின் இலக்கணத்துக்கு வெளியே நின்று, டோக்கன்களை, அதாவது நிரலின் தனித்தனிச் சொற்களையும் குறிகளையும், மாற்றி வைத்துவிட்டு விலகிவிடுவதுதான் அதன் வேலை. தான் மாற்றுவது ஒரு கோவையா (கணித்து விடை தரும் தொடரா), ஒரு மாறியா, ஒரு வகையின் பெயரா என்று அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் இடத்தில் அது வைக்கப்படவும் இல்லை.

எண் சிக்கலைத் தீர்த்துக் கொடுத்த மறுநாள் இரண்டாவது குறை வந்தது. கொண்டுவந்தவர் எனக்குத் தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பித்த ஆசிரியர்.

மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசையில் தொகை எழுத்தால் எழுதியிருக்கும். 1998-இல் வெளியிட்ட புதிய நோட்டுகளில் தமிழ் மூன்றாவது இடத்துக்குத் தள்ளப்பட்டபோது தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையில் மீண்டும் அச்சிடப்பட்டன. வீட்டில் கிரியோல் பேசி, அலுவலகத்தில் பிரெஞ்சும் ஆங்கிலமும் எழுதி, தமிழைப் பள்ளியில் மூதாதையர் மொழியாகப் படிக்கும் எங்களுக்கு, பணத்தின் மேல் நிற்கும் அந்தச் சில தமிழ்ச் சொற்கள் சிறிய விஷயமல்ல. ஆகவே கோவில் ரசீதில் தொகையைத் தமிழ்ச் சொல்லாலும் அச்சிட வேண்டும் என்று நிர்வாகம் கேட்டதில் வியப்பில்லை. நானும் மகிழ்ச்சியோடுதான் ஒப்புக்கொண்டேன்.

ஆசிரியர் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, “தம்பி, ‘ஐந்நூற்றுஒன்று’ என்று நான் உனக்கு எழுதக் கற்றுக் கொடுத்தேனா?” என்று கேட்டார். அதற்கு அடுத்த ரசீதில் 901 ரூபாய் ‘ஒன்பதுநூற்றுஒன்று’ என்று வந்திருந்தது. அதை அவர் படித்துக்கூடக் காட்டவில்லை. விரலால் தொட்டுக் காட்டினார்.

கடையிலும் பேருந்திலும் நான் எண்ணுவது கிரியோலில். பிரெஞ்சு வழியாக வந்த அந்த எண்ணிக்கையில் தொண்ணூறு என்பது நான்கு இருபதும் ஒரு பத்தும். அதிலும் ஒழுங்கு இல்லை, ஆனால் அந்த ஒழுங்கின்மை நாவில் ஊறிவிட்டது. தமிழ் எண்களை நிரலில் எழுதும்போதோ, நான் ஓர் ஒழுங்கை என் வசதிக்காகக் கற்பித்துக்கொண்டேன்: இரு, மு, நா, ஐ, அறு, எழு, எண் என்ற முதற்பகுதிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் பின்னும் ‘நூறு’ அல்லது ‘நூற்று’ ஒட்டும்படி ஒரு மேக்ரோ, அதன்பின் ஒன்று முதல் ஒன்பது வரை ஒட்டும்படி மற்றொன்று. ஒரே பட்டியலை வெவ்வேறு விதமாக விரித்துப் பல அட்டவணைகளை உண்டாக்கும் இந்த உத்தி சி நிரலர்களுக்குப் பழக்கமானது; நல்ல உத்தியும்கூட. அருகருகே எழுதிய இரண்டு சரங்களை, அதாவது எழுத்துத் தொடர்களை, சி தானே ஒன்றாக ஒட்டிவிடும் என்பதால், மேக்ரோவில் அவற்றைப் பக்கத்தில் வைத்தாலே போதுமாயிருந்தது. ஒட்டத்தான் அதற்குத் தெரியும். புணர்க்கத் தெரியாது.

நூற்று என்பதன் ஈற்றில் நிற்பது குற்றியலுகரம். உயிர் வந்தால் அந்த உகரம் கெட்டு, எஞ்சிய மெய்யின்மேல் உயிர் ஏறும்: நூற்றொன்று, நூற்றிரண்டு, நூற்றைந்து, நூற்றெட்டு. ஒன்று முதல் ஒன்பது வரை உள்ள சொற்களில் மூன்றும் நான்கும் மட்டுமே மெய்யில் தொடங்குகின்றன. மீதி ஏழும் உயிரில் தொடங்குபவை. அதற்கு மேல், மங்கலத்துக்காக ஒன்று கூட்டி 101, 501, 1001 என்று கொடுப்பது நம் வழக்கம். ஆகவே என் மேக்ரோ தவறும் இடம் அபூர்வமான ஒரு மூலை அல்ல. ஏறத்தாழ ஒவ்வொரு ரசீதிலும் அது தவறியது. ஒன்பதின் கதை தனி. பத்தோடு சேர வேண்டிய இடத்தில் அது நூறை வைத்துத் தொண்ணூறு ஆகிறது. நூறோடு சேர வேண்டிய இடத்தில் ஆயிரத்தை வைத்துத் தொள்ளாயிரம் ஆகிறது. எண்ணுப்பெயர்கள் ஒன்றோடொன்று புணரும்போது என்ன திரியும், என்ன கெடும் என்பதைத் தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறது. மீண்டும் அதை எடுத்துப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, இவ்வளவு தெளிவான விதிகளை நான் கையால் தட்டச்சு செய்யத் தேவையில்லை என்பதுதான். விதியை எழுதினால் போதும். சொற்களைக் கம்பைலர் உண்டாக்கட்டும்.

அந்த விதி கணினிக்குள் எவ்வளவு சிறியது என்பதைக் கண்டு நான் மிகவும் மகிழ்ந்தேன். எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் தமிழின் தனி உயிர்கள் அகரம் முதல் ஔகாரம் வரை, பதின்ம எண்ணில் 2949 முதல் 2964 வரை உள்ள இடத்தில் சில இடைவெளிகளோடு அமர்ந்திருக்கின்றன. அவற்றுக்குரிய உயிர்க்குறிகள் சரியாக 56 இடம் தள்ளி, அதே இடைவெளிகளோடு அமர்ந்திருக்கின்றன. ஒகரம் 2962 என்றால் அதன் குறி 3018. அகரத்துக்கு மட்டும் குறியில்லை. ஆக, உகரப் புணர்ச்சி என்பது முன்சொல்லின் ஈற்று உகரக் குறியை எடுத்துவிட்டு, பின்சொல்லின் முதல் உயிரோடு 56 கூட்டுவது. அந்த எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். நூற்று 18 பைட், ஒன்று 15 பைட். வெறுமனே ஒட்டினால் 33; புணர்த்தினால் 30. பொருளாளரும் ஆசிரியரும் காணாத அந்த 3 பைட்டில்தான் என் தமிழ் தவறியிருந்தது.

ஆனால் இதைச் செய்ய, நிரலை உண்டாக்கும் கருவி சரத்துக்குள்ளே நுழைந்து பார்க்க வேண்டும். சி முன்செயலிக்கு ஒரு சரம் என்பது பிரிக்க முடியாத ஒரு டோக்கன். இங்கேதான் மொழிகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகின்றன என்று நான் நினைக்கிறேன்: கம்பைல் நேரத்தில் வேலை செய்யும் அந்தப் பகுதிக்கு, தான் உண்டாக்கும் பொருளைப் பற்றி எவ்வளவு தெரியும்? சி-க்கு டோக்கன் மட்டும் தெரியும். சி++ மொழியில் வகைக்கேற்ப நிரலை உண்டாக்கும் வார்ப்புருக்களுக்கு வகைகள் தெரியும்; அவற்றைக் கொண்டு கணக்கே போடலாம் என்பது பிற்பாடுதான் கண்டறியப்பட்டது. 1994-இல் எர்வின் உன்ரு காட்டிய நிரல் கம்பைலே ஆகவில்லை. ஆனால் கம்பைலர் தந்த பிழைச் செய்திகளில் பகா எண்கள் வரிசையாக வந்தன. யாரும் திட்டமிடாமல் உருவான அந்தக் கணிப்பு மொழியில் பல ஆண்டுகள் மக்கள் பெருமுயற்சியோடு எழுதினார்கள். 2011-இன் சி++ தரநிலைதான் சாதாரணச் செயற்கூறுகளையே கம்பைல் நேரத்தில் இயக்க வழி செய்தது. அவற்றுக்குள் சுழல் எழுத 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நான் முதலில் ரஸ்ட் என்ற மொழிக்குப் போனேன். மேக்ரோவை அழைக்கும் இடத்தில் ஆச்சரியக்குறி இருக்க வேண்டும் என்ற அதன் விதி எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஒரு குறி, ‘இங்கே செயற்கூற்றின் வாக்குறுதியை எதிர்பார்க்காதே’ என்று படிப்பவரிடம் சொல்லிவிடுகிறது. அங்கே அசர்ட் வெளியீட்டுப் பதிப்பிலும் நீங்குவதில்லை. நீங்க வேண்டியதற்கு ‘டீபக் அசர்ட்’ என்று தனிப் பெயரே உண்டு. மேக்ரோவுக்குக் கோவை என்று அறிவித்த உறுப்பு முழுக் கோவையாகவே போய்ச் சேர்வதால் ‘அ கூட்டல் 1’ சிதறுவதில்லை. மேக்ரோவுக்குள் பிறந்த உள்ளூர் மாறி, வெளியே அதே பெயரில் உள்ள மாறியோடு கலப்பதுமில்லை. லிஸ்ப் என்ற மொழியின் உலகத்தில் 1986-இல் கோல்பெக்கரும் அவருடைய கூட்டாளிகளும் முறைப்படுத்திய தூய்மை என்ற கருத்து இங்கே ஒரு கணினி அமைப்பு மொழிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 1.53 பதிப்பிலிருந்து, அதாவது 2021-இலிருந்து, மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். என் செயற்கூற்றுக்கு ‘புணர்’ என்று பெயர் வைத்தேன். அதை அழைக்கும் வரியைப் படிக்கும்போது இன்றும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆனால் ரஸ்டின் விதிமுறை மேக்ரோவும் சரத்தைத் திறந்து பார்க்காது. அதுவும் டோக்கன் மரங்களோடு நின்றுவிடுகிறது. சரத்துக்குள் கை வைக்க இரண்டு வழி இருந்தது. ஒன்று செயல்முறை மேக்ரோ: டோக்கன் ஓடையை வாங்கி டோக்கன் ஓடையைத் திருப்பித் தரும் ஒரு முழு ரஸ்ட் நிரல். 2020-இன் 1.45 பதிப்பிலிருந்து எந்த இடத்திலும் அழைக்கத்தக்கதாக அது நிலைபெற்றது. அதனால் எதையும் செய்ய முடியும். எனக்கு அதுவே தயக்கம். அது கம்பைல் செய்யும் கணினியில், அந்தக் கணினியின் எல்லா உரிமைகளோடும் ஓடுகிறது: கோப்பைப் படிக்கலாம், இணையத்துக்குப் போகலாம். தனிப் பொதியாக இருக்க வேண்டும். தொடரியலைப் பகுக்கும் நூலகங்களையும் சேர்த்தால் ஒவ்வொரு புதிய கம்பைலும் நீள்கிறது. இருநூறு சொற்களைப் புணர்க்க இவ்வளவு பெரிய கருவி தேவையில்லை என்பது என் தீர்ப்பு. ஒரு தரவமைப்பின் புலங்களைப் பார்த்து அதற்கேற்ற நிரலை எழுதித் தருவது போன்ற வேலைக்கு அதுதான் சரி. அங்கே அதை நான் தயங்காமல் பயன்படுத்துகிறேன்.

மற்றொரு வழி மாறிலிச் செயற்கூறு. 2020-இன் 1.46 பதிப்பில் அவற்றுக்குள் நிபந்தனையும் சுழலும் அனுமதிக்கப்பட்ட பிறகு, புணர்ச்சி விதியை ஒரு சாதாரணச் செயற்கூறாக எழுதிக் கம்பைல் நேரத்திலேயே இயக்க முடிந்தது. ஒரு சிரமம் மட்டும் இருந்தது. விடை எத்தனை பைட் என்பது வகையின் பகுதியாக முன்னமே தெரிந்திருக்க வேண்டும். எனவே நீளத்தை மட்டும் கணிக்கும் செயற்கூறு ஒன்று, அந்த நீளத்துக்குள் பைட்டுகளை நிரப்பும் செயற்கூறு மற்றொன்று, இரண்டையும் சரியான வரிசையில் அழைத்துத் தரும் சிறு மேக்ரோ ஒன்று என்று மூன்று துண்டாக எழுதினேன். இலக்கணம் செயற்கூற்றில் இருக்கிறது; மேக்ரோ வெறும் கட்டுமானம். சில வாரம் அதோடு வாழ்ந்த பிறகு, மேக்ரோவை அந்த அளவுக்குள் வைத்திருப்பதே நல்லது என்ற எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது.

பிறகு அதே அட்டவணையை ஸிக் மொழியில் எழுதிப் பார்த்தேன். அங்கே முன்செயலியும் இல்லை, மேக்ரோவும் இல்லை. எந்தச் செயற்கூற்றையும் கம்பைல் நேரத்தில் இயக்கச் சொல்லலாம். வகைகளே அங்கே மதிப்புகளாக உலவுகின்றன. கம்பைல் நேரத்தில் தெரிந்த இரண்டு சரங்களைச் சேர்த்தால் விடையின் நீளத்தை மொழி தானே கண்டுகொள்கிறது. என் மூன்று துண்டு ஒரே செயற்கூறாகிவிட்டது. அசர்ட் அங்கே சாதாரணச் செயற்கூறு. அதன் உறுப்பு ஒருபோதும் மறையாது. கம்பைல் நேரத்தில் கோப்பையோ இணையத்தையோ அந்தச் செயற்கூறு தொட முடியாது. என் மடிக்கணினி 64 பிட்டாக இருந்தாலும், கணிப்பு 32 பிட் கருவியின் அளவுகளிலேயே நடக்கிறது. முடிவில்லாச் சுழலில் கம்பைலர் சிக்காமலிருக்க, 1000 முறைக்கு மேல் பின்னோக்கித் தாவினால் அது நின்றுவிடும். என் அட்டவணை அதைத் தாண்டியதால் வரம்பை வெளிப்படையாக உயர்த்தி எழுத வேண்டியிருந்தது. அந்த வரியை நான் தொல்லையாக நினைக்கவில்லை. கம்பைலர் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அது படிப்பவருக்கும் தெரிவிக்கிறது. ஸிக் இன்னும் 1.0 பதிப்பை எட்டாததால், ஒவ்வொரு பதிப்பிலும் சிலவற்றைத் திருத்தி எழுத நேர்கிறது. கோவிலில் ஆண்டுக்கணக்கில் இருக்கப்போகும் கருவிக்கு அது எனக்குத் தடையாகத் தோன்றியது. ரஸ்ட் பதிப்பையே வைத்துக்கொண்டேன். ஆயினும் சிந்தனையை எனக்கு நேராக்கியது ஸிக்தான்.

முதல் ஆர்வத்தில் 1 முதல் 999 வரை எல்லாச் சொற்களையும் உண்டாக்கினேன். ஒரு சொல்லுக்கு ஏறக்குறைய 60 பைட் என்றால் அட்டவணை 60 கிலோபைட். கம்பைலருக்கு அது ஒரு நொடி வேலை. கருவியின் நினைவகத்துக்கோ நிரந்தரச் சுமை. ஆகவே 1 முதல் 99 வரை உள்ள சொற்கள், நூறுகளின் ஒன்பது முழு வடிவங்கள், ஒன்பது இணைப்பு வடிவங்கள், அந்த இணைப்பு வடிவங்களோடு ஒன்று முதல் ஒன்பது புணர்ந்த 81 சொற்கள் என்று 198-இல் நிறுத்தினேன். இருநூற்று இருபத்தைந்து போன்றவற்றில் இடைவெளி விட்டு எழுதுவதே படிக்க எளிது என்பதால் அங்கே புணர்க்கவில்லை. ஆயிரங்களை இன்னொரு சிறு அட்டவணை பார்த்துக்கொள்கிறது.

மாறக்கூடியவற்றைக் கம்பைல் நேரத்தில் முடிவு செய்யக் கூடாது என்பதையும் அந்தக் கருவியே எனக்குக் கற்பித்தது. அர்ச்சனைக் கட்டணத்தை ஒரு மாறிலியாக நிரலுக்குள் வைத்திருந்தேன். நிர்வாகம் அதை மாற்றியபோது, கருவியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து நிரலைப் புதிதாக ஏற்ற வேண்டியதாயிற்று. நூற்றோடு ஒன்று எப்படிப் புணரும் என்பதை எந்த நிர்வாகக் கூட்டமும் மாற்றப்போவதில்லை. அது உள்ளே இருக்கலாம். கட்டணம் இப்போது வெளியே இருக்கிறது.

உண்டாக்கிய நிரலைக் கண்ணால் பார்க்கும் வழி இல்லாமல் எந்த மேக்ரோவையும் நான் இப்போது எழுதுவதில்லை. சி கம்பைலரை முன்செயலியோடு நிறுத்தி விரிந்த வடிவத்தைக் காட்டச் சொல்லலாம். ரஸ்டில் மேக்ரோவை விரித்துக் காட்டத் தனிக் கருவி இருக்கிறது. அன்று ஒருமுறை அப்படிப் பார்த்திருந்தால், மறைந்துபோன அந்த எழுதும் வரி இல்லாதது என் கண்ணில் பட்டிருக்கும். அட்டவணையைக் கட்டும் இடத்திலேயே ஒரு சோதனையையும் சேர்த்தேன்: எந்தச் சொல்லின் நடுவிலாவது தனி உயிர் வந்தால் கம்பைல் நின்றுவிடும். தமிழ்ச் சொல்லின் இடையில் தனி உயிர் வராது என்ற விதி ‘நூற்றுஒன்று’ போன்ற எல்லாவற்றையும் பிடித்துவிடுகிறது.

ஆனால் அந்தச் சோதனை பிடிக்காத தவறுகள் உண்டு என்பதால், 198 சொற்களையும் காகிதத்தில் அச்சிட்டு ஆசிரியரிடம் கொடுத்தேன். கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து, பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் படித்தார். தொள்ளாயிரத்தொன்றில் சற்று நின்று தலையசைத்தார். ‘முன்னூறு’ என்ற இடத்தில் பென்சில் நின்றது. “றன்னகரம் இல்லை தம்பி, தந்நகரம். முந்நூறு” என்று சொல்லி எழுதிக் காட்டினார். அதே தவறு அந்த வரிசை முழுவதும் இருப்பதைப் பார்த்து, ஒவ்வொன்றையும் திருத்தத் தொடங்கினார். “ஐயா, ஒன்றைத் திருத்தினால் போதும், மற்றவை தாமே மாறிவிடும்” என்றேன். அவர் நம்பவில்லை. மடிக்கணினியைத் திறந்து, அந்த வேரில் னகரத்தை நகரமாக்கி, அவர் முன்னாலேயே கம்பைல் செய்து புதிய பட்டியலைக் காட்டினேன். முந்நூறு, முந்நூற்று, முந்நூற்றொன்று முதல் முந்நூற்றொன்பது வரை பதினொரு சொற்கள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பதினொன்றையும் மறுபடி முதலிலிருந்து படித்தார்.